வாசல் தெரிந்த வண்டி

மார்ச் 4, செவ்வாய்

காலை நடையில் ஸ்கூல் பஸ்ஸில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். மூன்றாவது வரிசையில் ஒருத்தன் அடுத்தவன் ஷூவை ஜன்னல் வழியாக வீசப் போனான். பஸ்ஸை ஓரங்கட்டி, கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பக் கொடுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தால் பார்சல்காரன். எங்கள் வாசல் சரிவு தெருவைத் தொடும் இடத்தில் சிமெண்டில் கறுப்பாக ஒரு கீறல் இருக்கிறது, போன கோடையிலிருந்து. உன் வேலைதானே என்று நேராகவே கேட்டுவிட்டேன். "என் வண்டி உயரத்தைப் பாருங்க மேடம், அது எப்படித் தரையில உரசும்?" என்கிறான். க்ளின்ட் வேறு கராஜிலிருந்து எட்டிப் பார்த்து, அவன் சொல்றது நியாயம்தானே என்கிறார். கட்டிய புருஷன் பேசுகிற பேச்சா இது? இரண்டு பேரையும் சேர்த்து முறைத்தேன்.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி மையத்துக்கு மாற்றிவிட்டார்களாம். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. இன்னும் ஐந்தாறு வாரம் நடைப் பயிற்சி. நான் கேட்கவில்லை. கேட்ட மாதிரி க்ளின்டே சொன்னார்.

மார்ச் 6, வியாழன்

வெண்டெல் மாமா போன் செய்தார். ஓக்லாந்தில் அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர். கார் ஆலையில் முப்பது வருஷம் அப்பாவோடு நின்று கதவு மாட்டியவர். அப்பாவின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரை வாரம் ஒரு தடவையாவது ஓட்டாவிட்டால் பேட்டரி படுத்துவிடுமாம். மாமாவால் முடியாது, போன வருஷம் ஒரு தடவை உள்ளே உட்கார்ந்தவரை வெளியே இழுக்க இரண்டு ஆள் வேண்டியிருந்ததாம்.

வேறு ஆளைப் பாருங்கள் என்றேன்.

"நானும் அதான் சொன்னேன். உங்கப்பன் கேக்கலை. 'பஸ்காரிகிட்ட குடு, அவ இடிக்க மாட்டா'ன்னுட்டான்."

பஸ்காரி. ஆறு வருஷமாகக் காதில் விழாத பெயர்.

அந்தக் காரைப் பார்க்கவே பிடிக்காது எனக்கு. அம்மா போய் நூறு நாள் ஆகவில்லை, புது மாடல் வருகிறது என்று முன்பதிவு செய்துவிட்டு வந்து நின்றார். சர்ச் விருந்தில், எல்லாரும் தட்டோடு நிற்கும்போது கேட்டேன்: "அம்மா படுத்த கட்டில்ல இன்னும் விரிப்பு மாத்தலை, அதுக்குள்ள உங்களுக்குக் காரு கேக்குதா?" அவர் தட்டைக் கீழே வைத்தார். "இனிமே என் வாசல்ல கால் வைக்காதே" என்றார். வைக்கவில்லை. அவரும் என் வாசலுக்கு வரவில்லை. அவருக்கு ஒரே பிள்ளை நான்.

சரி, உண்மையை எழுதிவிடுகிறேன். போன மாதம் அவர் விழுந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் கதவோரம் நின்றேன். கண் விழிக்கப் போகிற மாதிரி தலையை அசைத்தார், நான் ஓடி வந்துவிட்டேன். க்ளின்டுக்குக்கூடத் தெரியாது.

மார்ச் 8, சனி

ஓட்டினேன்.

முதலில் ஏறுவது. ஏறுவது இல்லை, இறங்குவது. பஸ்ஸில் மூன்று படி ஏறி உட்கார்ந்து பழகிய உடம்பு. இதில் குழிக்குள் இறங்குகிறாற்போல முதலில் பின்பக்கம், அப்புறம் தலை, கடைசியாகக் கால். கையை நீட்டினால் தரை. ஸ்டியரிங் வட்டமாக இல்லை, மூலையை மழுக்கிய சதுரம். கிளட்ச் இல்லை, கியர்க் கம்பி இல்லை. இழுக்க ஒன்றும் அமுக்க ஒன்றுமாகச் சின்னப் பொத்தான்கள். எனக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே ஒரு மதில், அதன்மேல் வரிசையாக இன்னும் பொத்தான்கள். இரண்டு பேர் போனால் பேசிக்கொள்ளவே வேண்டாம் என்று கட்டியிருக்கிறார்கள், அப்பாவுக்குத் தோதான வண்டி.

ஸ்டார்ட் செய்தேன். என்ஜின் முன்னால் இல்லை, என் பிடரிக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு உறுமல். அப்பா வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நானே "ஐயோ" என்று சொல்லிவிட்டேன்.

மெதுவாக வாசல் சரிவுக்கு வந்தேன், வண்டியின் முன்பக்கம் தானாக எழும்பியது. உடைத்துவிட்டேன் என்று பிரேக்கைப் போட்டு அப்படியே நின்றேன். வெண்டெல் மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிக்கிறார். ரொம்பத் தாழ்ந்த வண்டி, மேட்டில் மூக்கு இடிக்குமாம். அதனால் ஒரு பொத்தானை அமுக்கினால் மூக்கை இரண்டு அங்குலம் தூக்கிக்கொள்ளுமாம். "வழக்கமாப் போற இடம்னா அங்க நின்னு ஒரு தடவை சொல்லி வெச்சிடணும். அப்புறம் அந்த வாசல் வந்தா அதுவே தூக்கும். சொல்லி வெக்காத இடத்துல தூக்காது." மனுஷருக்கு இல்லாத ஞாபகம் வண்டிக்கு.

ஊருக்குள் பதுங்கிப் பதுங்கிப் போனேன். லாரிச் சக்கரம் என் கண்ணுக்கு நேரே சுற்றுகிறது. ரயில் தண்டவாளம் வந்தது. நான் என்ன செய்தேன்? நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, ஜன்னலை இறக்கி, கதவைத் திறக்கக் கை நீட்டினேன் - பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான், நிறுத்தி, திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும். பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டான். ரயில் எதுவும் வரவில்லை.

தண்டவாளம் தாண்டி நேர் சாலை. இரண்டு பக்கமும் வெறும் வயல். காலை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தேன். முதுகை சீட்டோடு யாரோ சேர்த்துப் பிடித்த மாதிரி இருந்தது, மூச்சு பின்தங்கிவிட்டது. கியர் மாறியது காதுக்குத்தான் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. உடனே காலை எடுத்துவிட்டேன். கை வியர்த்திருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன், தனியாக, ஐம்பத்தொரு வயதில்.

பிடித்திருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. க்ளின்ட் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "சத்தம் ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 15, சனி

எதிரே வந்த ஒரு சிவப்புக் கார்வெட்காரன் எனக்குக் கை தூக்கினான். அப்புறம் ஒரு மஞ்சள். அப்புறம் வெள்ளை முடிக்காரி ஒருத்தி. அப்பா என்று நினைத்துக் கும்பிடு போடுகிறார்களா, இவரை இத்தனை பேருக்குத் தெரியுமா என்று குழம்பிப் போனேன். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஒருத்தருக்கொருத்தர் கை தூக்க வேண்டுமாம், அது முறையாம். நான் மூன்று பேருக்கும் தூக்காமல் வந்தேன் என்றதும் வெண்டெல் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்கப்பன் டெல்பர்ட் மானத்தை வாங்கிட்டியேம்மா."

முடிதிருத்தும் கடை வாசலில் திரும்பினேன், மூக்கு எழும்பியது. காலை டிபனுக்கு பிஸ்கட்டும் கிரேவியும் போடுகிற கடையிலும் எழும்பியது. சர்ச் வாசலிலும். ஊரில் மற்ற எந்த வாசலிலும் எழும்பவில்லை. வேண்டுமென்றே ஏழெட்டு இடத்தில் திரும்பிப் பார்த்தேன். சொந்த வீட்டையும் சேர்த்தால் நாலு வாசல். அவ்வளவுதான் அவர் உலகம் போலிருக்கிறது. ஏனோ பாவமாக இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

இன்று பஸ்ஸிலிருந்து ஒரு கார்வெட்காரனுக்குக் கை தூக்கிவிட்டேன். சனிக்கிழமை தூக்காத குறைதான். அவன் பயந்து வேகத்தைக் குறைத்தான்.

மார்ச் 22, சனி

காரைக் கழுவினேன். தரையில் படுத்து மூக்குக்கு அடியில் துடைக்கும்போது பார்த்தேன், கை நீளத்துக்கு ஒரு உரசல். வெண்டெல் மாமாவால் நம்பவே முடியவில்லை. இந்தக் காரின் மேல் தூசி விழுந்தால் அப்பா ஊதித்தான் எடுப்பாராம், துடைக்க மாட்டாராம். "உங்கப்பன் உரசினானா? இருக்காது. எங்கேயோ யோசனையில போயிருக்கான்."

அவர் இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லத்தான் வேலியோரம் காத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பயிற்சி முடிந்ததும் அப்பா தனியாக இருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அப்பாவே பக்கத்து ஊர் க்ளாஸ்கோவில் ஒரு முதியோர் விடுதியில் அறை பார்த்துவிட்டாராம். ஏப்ரல் இரண்டாம் வாரம் போகிறாராம். காரையும் கொடுத்துவிடுவாராம்.

வீட்டுக்கு வந்து க்ளின்டிடம் கத்தினேன். அவர் என்ன செய்தார் பாவம். பின்னறை சும்மாத்தானே இருக்கு, கூப்பிடு என்கிறார்.

"கூப்பிட்டு, வரமாட்டேன்னு சொல்லிட்டார்னா?"

"சொன்னா சொல்லட்டும். இப்பவும் வராமத்தானே இருக்கார்."

அவருக்கு என்ன தெரியும்? இப்போது வராமல் இருப்பது வேறு. நான் கூப்பிட்டு வராமல் இருந்தால் அது வேறு. அதை என்னால் தாங்க முடியாது. போய் முகத்தில் முழிக்கவே தைரியம் இல்லை, இதில் கூப்பிடுவதாம்.

மார்ச் 26, புதன்

போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்கு போன். மையத்தின் எண். எடுத்தால் அப்பா. ஆறு வருஷத்தில் முதல் தடவை. நலமா கிலமா ஒன்றும் இல்லை. "ஆலங்கட்டி வருதுன்னு டிவியில சொல்றான். என் கராஜ் கூரையில ஓட்டை. காரை எங்கேயாவது உள்ளே வை." வைத்துவிட்டார்.

க்ளின்ட் தன் பிக்கப் லாரியில் என்னை ஓக்லாந்தில் இறக்கிவிட்டு, எங்கள் கராஜைக் காலி செய்ய முன்னால் போய்விட்டார். நான் காரை எடுத்துக்கொண்டு ஆல்வட்டனுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தேன். இத்தனை நாளில் இதை இந்தப் பக்கம் கொண்டுவந்ததே இல்லை. ஒவ்வொரு சனியும் அங்கேயே எடுத்து அங்கேயே விட்டுவிடுவேன்.

தெருவுக்குள் வந்தேன். ஆலங்கட்டிக்கு முன்னால் வருகிற பச்சை நிறத்தில் இருந்தது வானம். தபால் பெட்டி தாண்டி வேகத்தைக் குறைத்து வாசலுக்குத் திரும்பினேன். மேடு இடிக்குமே, பொத்தானை அமுக்க வேண்டும் என்று விரலை நீட்டினேன்.

மூக்கு தானாக எழும்பியது.

நான் தொடவில்லை. விரல் பொத்தானுக்கு மேலே அப்படியே நிற்கிறது. தொடவே இல்லை.

பின்னால் எடுத்தேன், தெருமுனை வரை. மூக்கு இறங்கியது. திரும்ப வந்தேன், எழும்பியது. இன்னொரு தடவை. எழும்பியது. முதல் ஆலங்கட்டி பொத்தென்று புல்லில் விழுந்தது, க்ளின்ட் கராஜ் கதவில் நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறார், உள்ளே வா, என்ன பண்றே என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கவில்லை, இறங்கத் தெரியவில்லை.

அந்தக் கறுப்புக் கீறல். பார்சல்காரனை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! அப்பா வந்திருக்கிறார். முதல் தடவை மேடு தெரியாமல் உரசியிருக்கிறார் - தூசியை ஊதி எடுக்கிற மனுஷர். உரசியும் திட்டிக்கொண்டு போய்விடவில்லை. இங்கேயே நின்று, மூக்கைத் தூக்கி, இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இனிமேல் வராத இடத்துக்கு யாராவது அப்படிச் சொல்லி வைப்பார்களா? திரும்ப வரணும்னு இருந்திருக்காரே. வாசல் வரைக்கும் வந்துட்டு... ஏம்பா? ஒரு ஹாரன் அடிச்சிருக்கக் கூடாதா?

நானும்தான் ஆஸ்பத்திரிக் கதவு வரை போய்விட்டு ஓடி வந்தேன். அதையும் எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

காலை நடை முடிந்ததும் நேராக மையத்துக்குப் போனேன், பஸ் சீருடையோடு.

இளைத்திருக்கிறார். ஜன்னலோரம் வாக்கரை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தார். காருக்கு அடி பட்டதா என்று கேட்டார். படவில்லை என்றேன். அப்புறம் இரண்டு பேரும் வாக்கரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எங்க வாசல்ல மூக்கு தூக்குது, அப்பா."

காது வரை சிவந்துவிட்டது. "உன் வாசல் சரிவு சரியில்லை" என்றார் கடைசியில். "யார் போட்டது? மகா மட்டம்."

"எத்தனை தடவை வந்தீங்க?"

"நாலஞ்சு இருக்கும். நீ இல்லை. பஸ் எடுத்துட்டுப் போயிருந்தே."

"என் பஸ் நேரம்தான் உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் வந்தேன்."

அவர் கை வாக்கர் மேல் இருந்தது, அதன்மேல் என் கையை வைத்தேன். அம்மாதான் அந்தக் காரை வாங்கச் சொன்னாள் என்று ஏதாவது சொல்வார், நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. "அவ போனப்புறம் வீட்டுக்குள்ள இருக்க முடியலை. எங்கேயாவது ஓட்டிட்டுப் போகணும்போல இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அதற்கே நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், சர்ச் விருந்தில் பேசியதற்கு.

அப்புறம் மளமளவென்று சொல்லிவிட்டேன். பின்னறை காலியா இருக்கு, குளியலறையில க்ளின்ட் கைப்பிடி மாட்டிடுவார், வந்துடுங்க.

"க்ளாஸ்கோல அறைக்குச் சொல்லிட்டேனே."

"இல்லைன்னு சொல்லிடுங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மத்தியான நடைக்கு நேரமாகலையா உனக்கு?" என்றார். மறுக்கிறார் என்று எழுந்தேன். கதவுக்குப் போன பிறகு பின்னாலிருந்து கேட்டார்:

"பஸ்காரி. அந்த அறை ஜன்னல் எந்தப் பக்கம்? கராஜ் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

ஏப்ரல் 12, சனி

அப்பா வந்துவிட்டார். இடுப்பு மடங்கக் கூடாது, மூன்று மாதத்துக்கு அந்தக் காரில் உட்காரவே கூடாதாம். க்ளின்டின் லாரியில் வந்தார். மத்தியானம் நான் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பும்போது தபால் பெட்டியருகே வாக்கரோடு நிற்கிறார். மூக்கு எழும்புவதைக் குனிந்து பார்த்தார். எதிர்த் திசையில் போன யாரோ ஒரு நீலக் கார்வெட்காரன் கை தூக்கினான். நானும் தூக்கினேன், அவரும் தூக்கினார்.

ஏப்ரல் 26, சனி

க்ளின்ட் வாசல் சரிவை உடைத்துவிட்டுச் சமமாகப் போடலாம், ஆளுக்குச் சொல்லிவிட்டேன் என்றார். பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வேண்டாம் என்றேன். அதே நேரத்தில் அப்பாவும் வேண்டாம் என்றார். க்ளின்ட் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த ஆளுக்குப் போன் செய்யப் போனார்.