நாலு கட்டத்தில் நான் இல்லை

மார்ச் 2, ஞாயிறு

ஜெமிமா இன்றும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். போன வருஷம் நீட்டில் மார்க் பத்தாமல் போனதிலிருந்து என் மகளுக்கு இந்தப் பழக்கம்.

"படிக்கலையா பாப்பா?"

"இதுதாம்ப்பா படிப்பு. பாத்து படிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். மூடிட்டு சொன்னாத்தான் எது தெரியலன்னு தெரியும்."

நான் பத்தாவதை இரண்டு முறை எழுதியவன். இரண்டு முறையும் புத்தகத்தைத் திறந்தேதான் வைத்திருந்தேன். அங்கேதான் கோட்டை விட்டிருக்கிறேன் போல.

மார்ச் 5

வீட்டு ஆட்களை வைத்துப் படித்தால் உயிரியல் மறக்காதாம், கோச்சிங் சார் சொன்னாராம். நேற்று நாக்கை மடிக்கச் சொன்னாள். எனக்கு மடிந்தது. என் வீட்டுக்காரி சம்பூர்ணத்துக்கு மடியவில்லை. "உங்கம்மா நாக்கு யாருக்கு மடிஞ்சிருக்கு?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்று ப்ளட் குரூப். ஜெமிமாவுக்கு ஏபி, ஸ்கூல் முகாமில் பார்த்தது. அவள் அம்மாவுக்கு ஏ, பிரசவத்தில் பார்த்தது. நான் ஷூ கம்பெனி ஐடி கார்டைக் கழுத்திலிருந்து கழற்றி ராஜா மாதிரி நீட்டினேன். ஓ பாசிட்டிவ்.

கட்டம் போட ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இன்னா பாப்பா?"

"ஒண்ணுமில்லப்பா. தப்பா போட்டுட்டேன்."

முகம் வெளுத்திருந்தது.

மார்ச் 8

சரியாகச் சாப்பிடுவதில்லை. சுவரோடும் பேசுவதில்லை.

மார்ச் 9

மாதிரித் தேர்வுத் தாளைப் பார்த்தேன். மரபியல் கேள்வி ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவளுக்குப் பிடித்த பாடம் அது.

அவள் கோச்சிங் கிளம்பியதும் அந்தப் பாடத்தை எடுத்து உட்கார்ந்தேன். தமிழில்தான் அச்சடித்திருக்கிறார்கள், இருந்தாலும் எனக்கு வேற்று மொழி. அப்பாவிடம் இரண்டு, அம்மாவிடம் இரண்டு, ஆளுக்கு ஒன்று பிள்ளைக்கு, ஆக நாலு கட்டம். அதுவரை புரிந்தது. ஓ குரூப் ஆளிடம் பிள்ளைக்குக் கொடுக்க ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. அவனுக்கு ஏபி பிள்ளை பிறக்காது.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூணு தடவையும் நான் அவ அப்பா இல்ல.

நான் மக்கு. தப்பாத்தான் போட்டிருப்பேன். ஆனா அவ மக்கு இல்லியே?

மார்ச் 10

சம்பூர்ணத்தைச் சந்தேகப்பட்டேனா? இல்ல. சத்தியமா இல்ல. அப்புறம் எதுக்கு லேபுக்குப் போன? — கேள்வியை நானே எழுதிவிட்டு நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வழியெல்லாம் ஒரே யோசனை. ஆஸ்பத்திரியில குழந்தை மாறிப்போச்சோ? இவள யார்கிட்டயாவது திருப்பிக் குடுன்னு சொல்வாங்களோ? குடுக்க மாட்டேன். எவன் வந்தாலும் குடுக்க மாட்டேன்.

ரத்தம் எடுத்த பெண் கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். "பி பாசிட்டிவ்."

"நல்லா பாரும்மா."

"நல்லாத்தாண்ணா பாத்தேன்."

எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கையையும் நீட்டினேன். அந்தக் கையிலும் இதே ரத்தம்தான் ஓடுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மார்ச் 11

ஐடி கார்டு அடித்துக் கொடுத்த ஆபீஸ் டேனியலைப் பிடித்தேன்.

"நெறைய பேர் ப்ளட் குரூப்பே எழுதலண்ணா. காலியா வுட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது. அதான் ஓ போட்டேன். ஓ எல்லாருக்கும் சேரும்னாங்களே?"

என்னோடு மிஷினில் வேலை பார்க்கும் ஹபீப் பாய், பக்கத்தில் நின்றவர், தன் கார்டைத் திருப்பிப் பார்த்தார். ஓ. அவருக்குப் பின்னால் நின்றவர் பார்த்தார். ஓ.

"இன்னா பேஜார்டா இது! நாளைக்கு மிஷின்ல கை மாட்டுனா எனக்கு இன்னா ரத்தம் ஏத்துவானுங்க?" என்றார் ஹபீப் பாய்.

யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

சாயந்திரம் வீட்டில் சொன்னேன், பெரிய ஜோக் மாதிரி. ஜெமிமா அழுதுவிட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ ஓ-வா இருந்தாலும் ஒரு வழி கண்டுபிடிச்சி வச்சிருந்தேம்ப்பா. பாம்பே குரூப்னு ஒண்ணு இருக்கு. டெஸ்ட்ல ஓ மாதிரி காட்டும், உள்ள பி இருக்கும். பத்தாயிரத்துல ஒருத்தருக்குத்தான்" என்றாள்.

"அந்த ஒருத்தன் நான்னு நெனச்சியா?"

"நெனைக்கல. வேண்டிக்கினேன்."

அந்த நேரம் பார்த்து சம்பூர்ணம் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நீ போய் டெஸ்ட்டு எடுத்துகினு வந்தியா?"

"அது வந்து, சம்பூர்ணம்..."

"உன் மூக்கு. உன் கோண நடை. தூங்குனா உன் கொறட்டை. பத்தொம்போது வருஷமா என் கண்ணெதிர்ல சுத்திகினு கீது. அதப் பாக்க உனக்கு ஊசி வேணுமா?"

லேப் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

மார்ச் 23

ஜெமிமா மறுபடியும் சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டாள். மரபியலில் இந்த முறை ஒன்றுகூடத் தப்பு இல்லை. சம்பூர்ணம்தான் என்னோடு பேசவில்லை. சோறு வருகிறது, சொல் வருவதில்லை.

மே 4

வேலூரில் தேர்வு. கேட்டுக்கு வெளியே ஒரே மரத்தடியில் நானும் சம்பூர்ணமும், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு. வெயில் ஏற ஏற அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். எனக்குத்தானா? கேட்க பயமாக இருந்தது. குடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19

சீட் கிடைத்துவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரி. போனில் பார்த்ததை நம்பாமல் இரண்டு பேரிடம் படிக்கச் சொன்னேன்.

சாயந்திரம் ஹபீப் பாயும் அவர் வீட்டம்மா அக்தரி பேகமும் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஜெமிமாவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா கேட்டார்:

"இவ்ளோ மூள இவளுக்கு யார் மாதிரி வந்துச்சி சம்பூர்ணம்?"

என் கையில் டீ டம்ளர் அப்படியே நின்றது.

"அவங்கப்பா மாதிரிதான்க்கா," என்றாள் சம்பூர்ணம், என் பக்கம் திரும்பாமல். "சந்தேகம்னு ஒண்ணு வந்துட்டா போதும், ஊசி போட்டாவது பாத்துட்டுத்தான் வுடுவாங்க."

ஹபீப் பாய் மெச்சிக்கொண்டு என் முதுகில் தட்டினார். எனக்குப் புரை ஏறியது. எழுந்து வந்து தலையில் தட்டியவள் சம்பூர்ணம்தான்.

கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.