காற்றுப் பிரிந்த செய்தி

2009 ஜூன் 3, புதன்
பத்தாம் வகுப்புக்கு அட்சரகணிதம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் கணவர் முனாப் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய்தான். அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். எதையும் கழற்றிப் பூட்டலாம் என்பது அவர் எண்ணம். "அந்தத் துண்ட வெட்டிப்போட்டு ரெண்டு பக்கத்தையும் பூட்டுறதாம் புள்ள. ஹோஸ் பைப் மாதிரித்தான்" என்றார். நான் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன்.

ஜூன் 14, ஞாயிறு
கொழும்புக்குப் பஸ். யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். சோதனைச் சாவடியில் இறங்கி ஏறுவது மட்டும் முடியவில்லை.

ஜூன் 16
வயிற்றைக் கிழிப்பதில்லையாம். வாயுவால் ஊதி, சின்னத் துளைகள் போட்டு, கெமரா விட்டு, டீவியில் பார்த்துப் பார்த்து வெட்டுவார்களாம்.
"கரண்ட் போனா டொக்டர்?" என்றார் முனாப்.
"ஜெனரேட்டர் இருக்கு."
"அதுக்கு டீசல்?"
அவர் தொடையைக் கிள்ளினேன்.

ஜூன் 17
நாளைக்கு ஒப்பரேஷன். பயம்.

ஜூன் 19, வெள்ளி
உயிரோடு இருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். வெட்டியது வயிற்றில், நோவது தோளில் - ஆள மாத்தி வெட்டிட்டாங்களோ? ஊதிய வாயுவின் மிச்சம் அப்படித்தான் நோகுமாம். தாதி சொன்னார்.

ஜூன் 20
காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். டொக்டர் மாணவர் படையோடு வந்து கேட்டார். தாதி கேட்டார். முனாப் மணிக்கொரு தரம் கேட்டார். அவருடைய உம்மா ஊரிலிருந்து போனில் கேட்டார். யா அல்லாஹ், ஒரு டீச்சருக்கு இதுவா பரீட்சை? வயிறு உப்பிக் கிடக்கு. போகாட்டி? பூட்டின இடம் விட்டுட்டா? திரும்ப வெட்டுவாங்களா?

ஜூன் 21
போனது. வார்டுக்கே கேட்டது.
முனாப் வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் போன் எடுத்தார். "போச்சும்மா, போச்சு" என்று அழுதிருக்கிறார். அங்கே நான் மௌத்தாகிவிட்டேன் என்று நினைத்து வீடே கத்தி அழுததாம். பந்தல் போட ஆள் வந்த பிறகுதான் விஷயம் தெளிந்தது.

ஜூன் 28
ஊருக்கு வந்தாயிற்று. பக்கத்து வீட்டு ஸுல்பிகா ராத்தா காயத்தைப் பார்த்தார். "இவ்வளவுதானா? இதுக்கா கொழும்புக்குப் போன?" அவருக்குச் சரியான ஏமாற்றம்.

ஜூலை 9
கொழும்பில் கிளினிக். வெட்டியெடுத்த துண்டைச் சுற்றியிருந்த நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை. கீமோ தேவையில்லை, தவறாமல் வந்து காட்ட வேண்டும்.

ஜூலை 11, சனி
ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து நான் எது சொன்னாலும் முனாப் "ஓம் புள்ள" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து இல்லாத பழக்கம். எனக்கு அதுதான் பெரிய பயம்.
இன்று மத்தியானம் நான் ஆக்கிய மீன் ஆணத்தை ஒரு வாய் வைத்துவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளினார்.
"என்ன இது? உப்பும் இல்ல, புளியும் இல்ல. மனுசன் திங்கிறதா?"
நன்றாக ஏசினார். நானும் விடவில்லை.