சட்டைப்பையில் டாக்டர் சீட்டு

பிரீமாண்ட், கலிபோர்னியா
மார்ச் 1998

நாகமணிக்கு, உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? நான் சொல்லச்சொல்லப் பக்கத்து வீட்டு ஷ்யாமளா எழுதுகிறாள்.

புற்றுநோய் ஊசிக்கப்புறம் சோறு இறங்கட்டுமென்று டாக்டரே எனக்குக் கஞ்சாவுக்குச் சீட்டு எழுதினார். அது இருந்தால் போலீஸ் பிடிக்காதாம்.

சனிக்கிழமை, பின்விளக்கு எரியவில்லையென்று நம் கதிர் காரைப் போலீஸ் நிறுத்தியது. கேட்குமுன்னே சீட்டை நீட்டிவிட்டேன். அறுபத்திரண்டாம் வருஷம் நம்மூரில் விளக்கில்லாத சைக்கிளோடு பிடித்தபோதும் சைக்கிள் லைசென்ஸைத்தானே முதலில் நீட்டினேன்? போலீஸ்காரன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். கதிர்தான் குதித்தான்.

"ஸ்டேட் சட்டம் விட்டுடும்ப்பா, சென்ட்ரல் சட்டம் விடாது! என் கிரீன் கார்டு போயிடும்!"

ஒரே ஆளுக்கு ரெண்டு சட்டமா? என்ன தேசமடி இது! வீட்டுக்கு வந்ததும் அந்தக் கஞ்சா மருந்தையெல்லாம் கக்கூஸில் கொட்டிவிட்டான். அவனையும் திட்ட முடியவில்லை. மூன்று நாளாகக் கஞ்சிகூட வயிற்றில் நிற்கவில்லை.

உன் கை நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. பொட்டலத்தின்மேல் ஊறுகாய் என்று பெரிதாக எழுதச் சொல். இல்லாவிட்டால் அதற்கும் சீட்டு கேட்பான் உன் பிள்ளை.

ஷ்யாமளாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

சேனாபதி