கறைபடாத கத்தி

மார்ச் 3, செவ்வாய்

பட்டறைக்குப் போய்வந்தேன். கொழுந்தன் வங்கி வேலையை விட்டுவிட்டு உலை மூட்டியதிலிருந்து வீட்டில் அவனுக்காகப் பேசுவது நான் ஒருத்திதான். "கழுத்துல டை கட்டினவன் கையில கரியப் பூசிக்கிட்டு நிக்கிறான்" என்று மாமியார் இன்றும் ஆரம்பித்தார். எழுந்து வந்துவிட்டேன்.

என் பிறந்தநாளுக்கு ஒரு சின்னக் கத்தி செய்து தருகிறான். ஹோட்டலில் எனக்குப் பழமும் சாலடும்தான் வேலை. நாள் முழுக்கக் கையில் இருக்கப்போவது. பிடி போடாத அலகுகள் மூன்றை மேசையில் வைத்து, "நீங்களே எடுங்க அண்ணி" என்றான். ஒன்றுக்கு முதுகு தடிமன், ஆப்பிளைச் சீவாது, பிளக்கும். இன்னொன்றின் நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது, கொட்டை தோண்டச் சரிப்படாது. மூன்றாவதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். விளிம்பு இழுத்துக் கட்டிய நூல் போல. முதுகருகே அரிசி அளவில் ஒரு சுத்தியல் தடம்.

"இத பாலிஷ் பண்ணி எடுத்துடறேன்."

"தொட்டுப் பாரு, தெரியும்!"

சிரித்தான். கார்பன் ஸ்டீலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் சொன்னான். ஈரத்தோடு வைக்கக்கூடாது. எலுமிச்சை, வெங்காயம் பட்டால் உடனே துடைக்க வேண்டும். வேலை முடிந்ததும் மெல்லிசாக எண்ணெய். நாளாக ஆக அலகில் சாம்பல்நீல நிறம் ஏறும், அது நல்லது, துருவைத் தடுக்கும். சிவப்பு வந்தால்தான் கவலை.

மார்ச் 10, செவ்வாய்

பிறந்தநாள். கத்தி வந்தது. என் வீட்டுக்காரரே தாளில் சுற்றி எடுத்துவந்து கொடுத்தார். பிடி உள்ளங்கையில் அப்படியே உட்காருகிறது. சுத்தியல் தடத்தைத்தான் காணோம். கொழுந்தனுக்குப் போன் செய்தேன். "பாலிஷ்ல போயிடுச்சு அண்ணி, கோவிச்சுக்காதீங்க."

கொஞ்சம் வருத்தம். போகட்டும்.

ஏப்ரல் 6, திங்கள்

செஃப் என் கத்தியை வாங்கிப் பார்த்தார். கிச்சனுக்கும் சில செய்யச் சொல்லலாமா என்றார். "தாராளமா சொல்லுங்க செஃப். அவன் வேலைக்கு நான் பொறுப்பு."

ஏப்ரல் 20, திங்கள்

கத்தியில் இன்னும் நிறம் ஏறவில்லை. அவசரம் என்ன?

மே 19, செவ்வாய்

சாயங்காலம் கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே நாற்காலியில்.

"கத்தியா, கைக்குழந்தையா? தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி."

எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. சொல்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், வாசனையில்லாத அதே எண்ணெயை வாங்கிவந்தார். கேலி பேசினாலும் இதெல்லாம் செய்கிற மனிதர்.

ஜூன் 9, செவ்வாய்

கிச்சனுக்குச் சொன்ன கத்திகள் வந்துவிட்டன. செஃப் தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். மதியத்துக்குள் வெங்காயம் பட்டு அலகு முழுக்க மயில்கழுத்து நிறம்.

"உன்னுது மட்டும் எப்படிம்மா புதுப்பொண்ணு மாதிரியே இருக்கு?"

"துடைக்கணும் செஃப். நீங்க வாயத் துடைக்கிறதே அபூர்வம்."

பாத்திரம் கழுவுகிறவர்கூடச் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்திருந்த கொழுந்தனிடம் இதைச் சொன்னேன். "அது உங்க கைப்பக்குவம் அண்ணி" என்றான், தட்டைப் பார்த்தபடியே. எனக்கு ஒரே பெருமை.

ஜூன் 22, திங்கள்

சனிக்கிழமை அவசரத்தில் கத்தியை எலுமிச்சைத் தோல் தட்டிலேயே விட்டுப் போயிருக்கிறேன். நேற்று விடுமுறை. இன்று காலை தோலுக்கு அடியில் கிடந்தது, உப்பும் சாறுமாக. கழுவினேன். ஒரு புள்ளி இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. அப்பாடா என்று ஆப்பிள் கூடையை இழுத்தேன்.

பாதிக் கூடையில் கை நின்றுவிட்டது.

செஃப் கத்தியைக் கேட்டு வாங்கினேன். எலுமிச்சையை அறுத்து இரண்டிலும் தேய்த்து அருகருகே வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அவருடையது கறுத்திருந்தது. என்னுடையது பளபளவென்று. ஒரு பொட்டுக் கறையாவது வந்துவிடாதா என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 23, செவ்வாய்

பட்டறையில் கத்தியை அவன் முன்னால் வைத்தேன். துருத்தியை நிறுத்திவிட்டான்.

"நீங்க எடுத்தது பிடி போடறப்ப விரிசல் விட்டுடுச்சு அண்ணி. மறுநாள் உங்க பிறந்தநாள். வேற அடிக்க ஒரு வாரம் ஆகும்னேன். அண்ணன்தான்..."

"அண்ணன்தான்?"

"கடையில ஒரு ஸ்டெயின்லெஸ் வாங்கிட்டு வந்து, இதுக்கு உன் பிடியப் போடு, அவளுக்கு எங்க தெரியப்போகுதுன்னாரு."

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை.

"ஆமா. அதுக்கென்ன இப்போ? நல்லாத்தானே வெட்டுது?"

"அப்புறம் எதுக்கு எண்ணெய் வாங்கிட்டு வந்தீங்க?"

"நீ ஆசையா பண்ணிட்டிருந்த. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

ஆசையா பண்ணிட்டிருந்தேனாம். தினமும் எதிரே உட்கார்ந்து பார்த்தாரே — மனசுக்குள்ள என்ன ஓடியிருக்கும்? சிரிச்சிருப்பாரா? இல்ல, பாவம்னு நெனச்சிருப்பாரா? ரெண்டுல எது மோசம்? ஊருக்கெல்லாம் நிஜம். அவனுக்காக வீட்ல அத்தனை பேர்கிட்டயும் மல்லுக்கு நின்ன எனக்கு டூப்பு. ஒரு வாரம் கழிச்சுத் தரேன்னு சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? அதைச் சொல்ல ரெண்டு ஆம்பளைங்களுக்கும் வாய் வரல.

ஜூன் 25, வியாழன்

சோறு போட்டேன். பேசவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

கொழுந்தன் புதுக் கத்தி ஒன்றோடு வந்தான். வாங்கினேன். அவன் முன்னாலேயே வெங்காயத்தை அறுத்துவிட்டு, துடைக்காமல் மேசையில் வைத்தேன்.

"நம்பலையா அண்ணி?"

"இருக்கட்டும். உக்காரு."

உட்கார்ந்தான். இருவரும் அலகையே பார்த்துக்கொண்டிருந்தோம். விளிம்பிலிருந்து மெல்ல நீலம் படர ஆரம்பித்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயமாகக்கூட இருக்கலாம். கத்தியை எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 21, செவ்வாய்

வீடு பழையபடி ஆகிவிட்டது. அவர் ஜோக் அடிக்கிறார், நானும் சிரிக்கிறேன். இன்று அவர் என்னை அழைத்துப்போக ஹோட்டலுக்கு வந்ததைப் பார்த்த செஃப், "உன் வீட்டுக்காரர் மாதிரி யாருக்கும்மா அமையும்?" என்றார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் புறப்பட்டோம். பைகளைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்ததும், "கேஸ மூடினீங்களா?" என்று கேட்டேன்.

"மூடிட்டேன்."

ஆட்டோ காத்திருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பப் படியேறினேன். பூட்டைத் திறந்து அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. இறங்கி வந்து ஏறிக்கொண்டேன். அவர் என் பையைத் தூக்கி உள்ளே வைத்தார்.