பெண் பார்க்க வந்த அம்மாவின் கட்டி

1974 மே 12, ஞாயிறு. அருப்புக்கோட்டை.

இன்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மதுரையில் நான் செய்யும் புற்றுநோய் ஆராய்ச்சியைப் பற்றி மாப்பிள்ளையின் அம்மா எல்லார் முன்னாலும் கேட்டார். "புத்துநோயத் தினமும் தொடுறியாமே, ஒட்டிக்கிடாதா?"

"ஒட்டாதுங்க. வளந்தது போதுங்கிற சேதி செல்லுக்குள்ள எப்படிப் போகுது, புத்துநோயில அது ஏன் போகலைன்னு பாக்குறோம்" என்றேன்.

"கல்யாணத்துக்கப்புறம் அதையெல்லாம் விட்டுருவா" என்றார் அப்பா.

காப்பித் தம்ளர்களோடு அடுப்படிக்குப் போனேன். அந்த அம்மா பின்னாலேயே வந்து, என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தார். கல் போல ஒரு கட்டி. இத்தனை வருட ஆராய்ச்சியில் ஒரு மனுஷியின் கட்டியை நான் தொட்டதே இல்லை.

"நான் டாக்டர் இல்லைங்க. நாளைக்கே மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

"மகன் கல்யாணம் முடியட்டும், போறேன். அவன்ட்ட சொல்லிராத தாயி."

அவர்கள் கிளம்பும்போது மகனிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது. அந்த அம்மா அதன்பிறகு என்னைப் பார்க்கவே இல்லை.

"வந்த சம்பந்தத்தக் கெடுத்துட்டியே" என்றார் அப்பா.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குத் திரும்புகிறேன். வழியில் அவர்கள் ஊரான காரியாபட்டியில் நிற்கும். தாயும் மகனும் அதில் ஏறினால் போதும்.