இவரும் அவரும் ஒரே ஆளா

அன்பு மகன் ஸுஹைருக்கு,

நம் ஸ்பாக்ஸ் ஊரிலிருந்து அம்மா எழுதுவது. இறைவன் காவலில் நானும் உன் அப்பாவும் சுகம், மொன்ரியால் பனியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் ஐந்து வேளையும் என் வேண்டுதல். காதை மூடிக்கொண்டு வெளியே போ. என் முழங்கால் பரவாயில்லை, வீட்டில் பெரிய நோவு உன் அப்பாவின் கம்ப்யூட்டர்தான். ஓய்வு பெற்ற மனுஷன் சும்மா இருப்பாரா, வீட்டுப் படங்களையெல்லாம் ஒழுங்குபடுத்துகிறேன் என்று உட்கார்ந்தார். கேமரா கார்டு, பழைய போன், ஆல்பம் ஈரத்தில் வீணாவதற்கு முன் உன் சித்தப்பா மகள் ஸ்கேன் செய்து இரண்டு வீட்டுக்கும் கொடுத்த பென்டிரைவ், எல்லாவற்றையும் உள்ளே இறக்கினார். இறக்கியானதும் பழையதை அழித்துவிடவா என்று அது கேட்டதாம், வீட்டில் குப்பை சேரக்கூடாது என்று இவரும் சரி சொல்லிவிட்டார்.

அந்தக் கம்ப்யூட்டர் முகம் பார்த்துப் படங்களைக் கட்டுக் கட்டாகப் பிரிக்கிறது. உன் அப்பாவையும் ஹெதி சித்தப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, இவரும் அவரும் ஒரே ஆளா என்று கேட்டது. எல்லையில் நின்ற ஒரு ஒலிவ மரத்துக்காக வருடக்கணக்காகப் பேசாத தம்பியைப் பற்றி இவரிடம் கேட்கிற கேள்வியா அது. "அவன் மூஞ்சியும் என் மூஞ்சியும் ஒண்ணா? கண்ணு தெரியாத மெஷினு" என்று திட்டிக்கொண்டே இல்லை, இல்லை என்று அழுத்தினார். கடைசியில் கோபம் தலைக்கேறி, தம்பியின் கட்டு என்று நினைத்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் மொத்தமாக அழித்தார். அப்புறம்தான் தெரிந்தது, இளவயது அப்பா முழுக்க அந்தக் கட்டில்தான் இருந்தார். எங்கள் கல்யாணப் படம் ஒன்றுகூட மிச்சமில்லை. தம்பியைத் துரத்தப் போய் மாப்பிள்ளையைத் துரத்திவிட்டார். நான் சிரித்தேன், பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

இனி அந்தப் படங்கள் இருக்கிற ஒரே இடம் ஹெதி வீடு. பெருநாள் காலையில் தம்பிதான் அண்ணன் வாசலுக்கு வரவேண்டும், அதற்காகத்தானே உன் அப்பா ஒவ்வொரு பெருநாளும் புது ஜுப்பாவோடு கதவைப் பார்த்து உட்கார்ந்து, யாருக்காகவும் காத்திருக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பெருநாளுக்கு அவரே நம்மூர் வழக்கப்படி உப்புமீனும் உலர்திராட்சை வெங்காயக் குழம்பும் எடுத்துக்கொண்டு கிளம்பினார், பாத்திரம் தூக்க என்னையும் கூட்டிக்கொண்டு. வாசலில் நின்று "பெருநாளுக்கு வரல, படத்துக்கு வந்தேன்" என்றார். ஹெதி, "மீனை வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்காத, உள்ள வாண்ணே" என்றார். மதியம் வரை இருவரும் ஒரே திரைமுன் உட்கார்ந்து இது நீ, இது நான் என்று சண்டை. அவர்களுக்கே ஆள் தெரியவில்லை. அதில் ஒருவரைக் கட்டிக்கொண்டவள் பக்கத்திலேயே நிற்கிறேன், என்னை யாரும் கேட்கவில்லை.

சுமுகமாகப் போகும்போதுதான் கெர்கென்னா தீவுக் கடற்கரைப் படம் வந்தது. சின்னப் பிள்ளையாக நீ ஒருவர் தோளில் உட்கார்ந்து அவர் காதுகளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். "என் மகன் என் தோள்லதான் உக்காருவான்" என்கிறார் அப்பா. "அன்னைக்கு முழுக்க நான்தாண்ணே தூக்கிட்டுத் திரிஞ்சேன்" என்கிறார் ஹெதி. குரல் ஏறிவிட்டது. கடைசியில் உன்னையே கேட்பது என்று முடிவு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இருவரும் சேர்ந்து உனக்குப் போன் செய்வார்கள். அதற்குள் கிடைக்கட்டும் என்றுதான் இந்தத் தாளைப் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன்.

இறைவன் உன் வழியை விரித்து வைக்கட்டும், உன் கை என்றும் கொடுக்கிற கையாகவே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. உன்னைத் தூக்கியது சித்தப்பாதான், படம் எடுத்தவள் நான், அப்பா அப்போது நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார். நீ ஞாபகமில்லை என்று சொல். யார் என்று தெரிந்துவிட்டால் அவர்கள் மறுபடி எதற்குச் சேர்ந்து உட்காரப் போகிறார்கள்.

உன் அம்மா,
ராதியா