ஜெர்மனியிலிருந்து வந்த கரண்டி

பேரணாம்பட்டு
9-3-86

அன்பு மகன் கனகராஜுக்கு, அப்பா சின்னசாமி சொல்லச் சொல்ல உன் தங்கை பூரணி எழுதும் கடிதம். இங்கே நாங்கள் நல்லபடியாக இருக்கிறோம். பூரணி விளக்கேற்றும்போது உன் பெயரோடு ஜெர்மனியையும் சேர்த்துச் சொல்லிக் கும்பிடுகிறாள், ஆகையால் அங்கே குளிர் குறைந்து நீயும் சுகமாக இருப்பாய். உன் அம்மா ஊரில் இல்லை. படித்ததும் பதறாதே, ஆலங்காயத்தில் உன் சித்தி தனபாக்கியத்தின் பக்கத்தில் இருக்கிறாள். சித்திக்கு வயிற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கஞ்சி குடிக்கிறாளாம். அம்மா என்னை விட்டுவிட்டு எப்படிப் போனாள் என்று நீ கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ செய்து அனுப்பிய சாப்பாட்டு மெஷின் எப்படி ஓடுகிறது, அடுத்து செய்வதில் என்ன மாற்றலாம் என்று கேட்டிருந்தாயே, அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

தோல் ஷாப்பில் தோலை அழுத்தித் தேய்க்கிற இஸ்திரி பிரஸ்ஸுக்குள் என் இரண்டு கையும் போனதிலிருந்து எனக்கு ஊட்டுவது உன் அம்மா ஒருத்திதான் என்பது உனக்குத் தெரியும். பூரணி பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு நின்று எல்லா வேலையும் செய்கிறாள், பக்கத்து வீட்டு பில்கிஸோடு பீடியும் சுற்றுகிறாள், ஆனால் வளர்ந்த பெண் கையால் வாயில் வாங்கிச் சாப்பிட எனக்குக் கூச்சம், ஊட்ட அவளுக்கும் கூச்சம். யாராவது வாசலில் செருப்பை விட்டாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண் அவள். (இப்போது அப்படி இல்லை அண்ணா, கொஞ்சம் குறைந்திருக்கிறது.) அதனால் உன் அம்மா காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் போய்த் திரும்ப முடிகிற இடத்துக்கு மேல் எங்கும் போனதில்லை. சித்திக்கு ஆபரேஷன் என்று தகவல் வந்ததும், தங்கச்சி அங்க ஆஸ்பத்திரியில கெடக்கறா, நான் இங்க உங்க வாய்க்குக் காவல் இருந்துக்கினு இருக்கேன் என்று அழுதாள். அந்த வாரம்தான் உன் மரப்பெட்டி மெட்ராஸிலிருந்து தோல் லாரியில் வந்து இறங்கியது.

பெட்டியை என் பழைய கூட்டாளி, ஷாப்பில் மெஷின் மேஸ்திரியாக இருக்கும் ரஷீத் அஹமது வந்து பிரித்துப் பூட்டிக் கொடுத்தார். நம் வீட்டுக்கு வந்த முதல் மெஷின் என்று உன் அம்மா விடவில்லை, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சுற்றி, புது லாரிக்குச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைப்பது போல, இதற்குச் சக்கரம் இல்லாததால், ஒரு பழத்தை மெஷினின் தட்டில் வைத்தாள். ரஷீத் பொத்தானை அழுத்தினார். நீ செய்த மெஷின் கை அழகாகக் குனிந்து, எலுமிச்சம்பழத்தை அள்ளி, நேராக என் வாய்க்குள் வைத்தது. வைத்துவிட்டு உள்ளே தள்ளியது. கத்தக்கூட முடியவில்லை, வாய் நிறைய பழம். உன் அம்மா கற்பூரத் தட்டோடு நின்று, நல்ல சகுனம், மொதல் வாய் சாமிக்கு வச்சதைக் குடுத்திருக்குது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் அந்தக் கை அசையவே இல்லை. கழற்றிப் பார்த்தால் முட்டி முழுக்கச் சந்தனம். ரஷீத் அதை மண்ணெண்ணெயில் கழுவினார், இரண்டு நாள் என் சோறெல்லாம் ஸ்டவ் வாசனை.

உன் மெஷின் மேல் குற்றம் சொல்லவில்லை தம்பி, ஊருக்கு அது பழகவில்லை. தாடையால் கட்டையை அழுத்தினால் ஒரு கரண்டி வரும் என்று எழுதியிருந்தாய். சரிதான், வருகிறது. ஆனால் தலையை ஆட்டாமல் பேச இந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? ரஷீத் வந்து இன்னா சின்னசாமி, சவுக்கியமா என்றார், ஆமாம் என்று தலையை ஆட்டினேன், ஒரு கரண்டி வந்தது. பையன் லெட்டர் போட்டானா என்றார், இன்னொரு கரண்டி. ரசம் சோறு மூக்கில் ஏறி நான் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டியதற்கு வரிசையாக நான்கைந்து. அட இன்னாபா இது, பேஜாரா இருக்குது, நம்ம முதலாளிகூட இவ்ளோ வேகமா வேலை வாங்க மாட்டார் என்று அவர் குனிந்து தடுக்கப்போக, மிச்சம் எல்லாம் அவர் தாடிக்குப் போயிற்று. கரண்டியும் நம் வாய்க்கு ஏற்றதில்லை, சின்ன மண்வெட்டி மாதிரி இருக்கிறது. சோற்றையும் குழம்பையும் பிசைந்து வைக்காவிட்டால் ஒரு முறை வெறும் குழம்பு, ஒரு முறை வெறும் கத்தரிக்காய்க் காம்பு. ஒரு நாள் பாதி வழியில் கரண்ட் போய், கரண்டி என் முகத்துக்கு எதிரே அந்தரத்தில் நின்றுவிட்டது, நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்க ஜன்னல் வழியாகக் காக்கா வந்து தின்றுவிட்டுப் போனது. எங்கள் அப்பாவே வந்து சாப்பிட்டதாக உன் அம்மா கும்பிட்டாள். மருமகள் கையால் சாப்பிட மாட்டேன் என்று உயிரோடு இருந்தபோது பிடிவாதம் பிடித்தவர், மெஷின் கையால் சாப்பிடுகிறார் பார் என்றேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு கரண்ட் ஜாஸ்தியாக வந்த ஒரு மத்தியானம் கை மூன்று சுற்று சுற்றி, சோற்றைச் சுவரில் அடித்து, மோட்டார் புகைந்து போயிற்று.

உன் அம்மா கட்டி வைத்திருந்த துணிப் பையை அவிழ்த்துப் புடவைகளைத் திரும்ப மடித்து வைத்தாள். விடிந்தால் தங்கச்சிக்கு ஆபரேஷன். எனக்கு என் வாய் மேலேயே வெறுப்பு வந்தது. நான் பட்டினி கிடக்கிறேன் நீ போ என்றேன், கிடப்பீங்க கிடப்பீங்க, ஒரு வேளை காபி லேட்டானா ஊரைக் கூட்டறவர்தானே என்றாள். அப்போது பீடி இலை வாங்க வந்த பில்கிஸ் பூரணியைப் பார்த்து, ஏன்டி, நீ எந்நேரமும் கதவுக்குப் பின்னாலதானே நிக்கற, அந்த மெஷினுக்குப் பின்னால நின்னா இன்னா கொறைஞ்சு போய்டுவே என்று கேலி பேசினாள். பேசிவிட்டு அவள் போய்விட்டாள். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ரஷீத் அன்றைக்கே மோட்டாரைக் கழற்றிவிட்டுத் தையல் மெஷின் கைப்பிடி ஒன்றை மாட்டினார். நடுவில் என் குடியாத்தம் லுங்கியைத் திரையாகக் கட்டினோம். திரைக்கு அந்தப் பக்கம் பூரணி குந்தி உட்கார்ந்து சுற்றுகிறாள், இந்தப் பக்கம் நான் சாப்பிடுகிறேன். எனக்கு ஊட்டுவது மெஷின், பெண் இல்லை. அவள் மெஷின் ஓட்டுகிறாள், ஊட்டவில்லை. இருவருக்கும் கூச்சம் இல்லை. உன் அம்மா ஒரு வேளை நின்று பார்த்தாள், இதை எந்த ஊர்ல போய் சொல்றது என்று தலையில் அடித்துக்கொண்டாள், முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள்.

இப்போது மெஷின் மிக நன்றாக ஓடுகிறது என்று உன் முதலாளியிடம் தாராளமாகச் சொல். நான் பேசினால் நிற்கிறது, மென்று முடித்தால் வருகிறது, சூடாக இருந்தால் பின்னாலிருந்து ஊதுகிற சத்தம் கேட்கிறது. போதும் என்று நான் சொல்வதே இல்லை. கை இருந்தால் தட்டுக்குக் குறுக்கே நீட்டுவோமே, அந்த நினைப்பில் தோள் லேசாக அசையும் போலிருக்கிறது. லுங்கி இடுக்கு வழியாக அதைப் பார்த்து கரண்டி தானாக நின்றுவிடுகிறது. (இதை எழுத மாட்டேன் என்றேன் அண்ணா. எழுதினால்தான் ராத்திரி சாப்பிடுவேன் என்கிறார்.)

தலைக்கு எண்ணெய் வை, ஐஸில் செருப்போடு நடக்காதே, உன்னோடு வேலை செய்கிறவர்கள் தரும் எதையும் என்னவென்று கேட்டுவிட்டுச் சாப்பிடு. கையில்லாத எத்தனையோ பேர் அங்கே அடுத்த மெஷினுக்குக் காத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களும் நன்றாகச் சாப்பிட்டு உன்னை வாழ்த்தட்டும். மோட்டார் உன் இஷ்டம். ஆனால் மறக்காமல் பின்னால் ஒரு ஆள் உட்கார ஒரு பலகை வை, குந்தி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறதாம்.

சகல ஆசீர்வாதங்களுடன்,
கையெழுத்துக்கு மகளையும் சாப்பாட்டுக்கு மகனையும் நம்பியிருக்கும் உன் அப்பா,
கோ. சின்னசாமி

அண்ணா, அப்பா தூங்கிவிட்டார். பலகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கரண்டியை மட்டும் கொஞ்சம் சிறியதாகச் செய். அப்பாவின் வாய் அவ்வளவு பெரியது இல்லை. நேற்று லுங்கி அவிழ்ந்து விழுந்துவிட்டது, அப்போது பக்கத்தில் பார்த்தேன். இரண்டு பேருமே அதைத் திரும்பக் கட்டவில்லை.
பூரணி